வெயில் அல்ல, காற்றுக் குறைவுதான் டயருக்கு எமன்!

கோடை விடுமுறை. குழந்தைகளுடன் ஊருக்குப் புறப்படுகிறீர்கள். பெட்டி படுக்கைகளைக் காரில் ஏற்றியாகிவிட்டது. அப்போது பக்கத்து வீட்டுக்காரர் ஒரு யோசனை சொல்கிறார்:

"கத்திரி வெயில் சார்! ரோடு கொதிக்கிறது. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் வெடித்துவிடும்."

நல்ல மனதுடன் சொன்ன யோசனைதான். ஆனால் உயிருக்கு உலை வைக்கும் யோசனை!

சூட்டில் காற்று விரியும் என்பது உண்மை. அதைத் தாங்கும்படிதான் டயரைச் செய்கிறார்கள். ஓடும் டயர் வெடிப்பதற்குப் பெரிய காரணம், காற்று கூடுவதல்ல, குறைவதே!

கம்பி சொல்லும் பாடம்

ஒரு கம்பித் துண்டை இப்படியும் அப்படியுமாக வேகமாக வளையுங்கள். வளைந்த இடத்தைத் தொட்டால் சுடும். மேலும் வளைத்தால் ஒடிந்துவிடும்.

டயரின் கதையும் இதுதான். காற்றுக் குறைந்த டயர், தரையில் படும் இடத்தில் பிதுங்குகிறது. மேலே போனதும் நிமிர்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சிறிய காரின் டயர், நிமிடத்துக்குச் சுமார் 800 தடவை சுற்றும். அத்தனை தடவையும் டயரின் பக்கம் வளைந்து நிமிர்கிறது. உள்ளே சூடு ஏறுகிறது. ரப்பருக்குள் இருக்கும் நூல் அடுக்குகள் விட்டுப் போகின்றன. கடைசியில் "டமார்!"

எவ்வளவு காற்று?

டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து பாருங்கள். ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் இருக்கும். எத்தனை பவுண்டு காற்று என்பது அதில் உண்டு. சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 35 பவுண்டு. ஆட்களும் மூட்டைகளும் நிறைந்திருந்தால் அதற்குத் தனி அளவு போட்டிருக்கும்.

டயரின் மேலேயே ஓர் அளவு பொறித்திருப்பார்கள். அது டயர் தாங்கும் உச்ச அளவு. அதுவரை அடித்துவிடாதீர்கள். காற்று மிஞ்சினால் ரோட்டில் பிடிப்புக் குறையும்.

காலையில், வண்டி ஓடுவதற்கு முன் அளப்பதே சரி. ஓடிய டயர் சில பவுண்டு கூடுதலாகக் காட்டும். "கூடிவிட்டதே" என்று காற்றைப் பிடுங்கிவிடாதீர்கள்!

பஞ்சர் இல்லாத டயரிலும் மாதம் ஒன்றிரண்டு பவுண்டு தானாகவே குறையும். ஆகவே மாதம் ஒரு முறையும், நெடும் பயணத்துக்கு முன்பும் பார்த்துவிடுங்கள்.

டயர் காட்டும் அடையாளங்கள்

இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரம் நேராக இல்லை. அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

டயர் பட்டனின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். அந்த மேட்டின் அளவுக்குப் பட்டன் தேய்ந்துவிட்டால், மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே போவது சட்டப்படியும் குற்றம். மொட்டை டயர், மழைத் தண்ணீரை விலக்க முடியாமல் அதன் மேல் மிதக்கும். பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்காது!

வயதையும் பாருங்கள். டயரின் பக்கத்தில் 2319 என்று நான்கு இலக்கம் இருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். 5 ஆண்டு தாண்டினால் வருஷம் ஒரு முறை கடையில் காட்டுங்கள். 10 ஆண்டானால், பட்டன் இருந்தாலும் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் வீக்கமோ வெடிப்போ தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

ஸ்டெப்னியை மறக்காதீர்கள்

மாற்றுச் சக்கரத்துக்கு "ஸ்டெப்னி" என்ற பெயர் எப்படி வந்தது? பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெத்லி என்ற ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில், 1904-ல் டேவிஸ் சகோதரர்கள் இந்தச் சக்கரத்தைச் செய்தார்கள். தெருவின் பெயரே சக்கரத்துக்கு நிலைத்துவிட்டது!

நான்கு டயருக்கும் காற்று அடிக்கும்போது ஐந்தாவதையும் கவனியுங்கள். நடு ரோட்டில் அதை இறக்கிப் பார்த்து, அதிலும் காற்று இல்லை என்றால் என்ன செய்வது?

வெடித்துவிட்டால்?

பதறி பிரேக்கை மிதிக்காதீர்கள், வண்டி கவிழக்கூடும். ஸ்டியரிங்கை இரு கைகளாலும் நேராக இறுகப் பிடியுங்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வேகம் தானாகத் தணிந்ததும் இடது ஓரமாக ஒதுங்குங்கள்.

ஒரு தகப்பனின் பரிசு

1888-ஆம் ஆண்டு. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற மாட்டு வைத்தியர் இருந்தார். தம் சிறு மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்று ரப்பர் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் மாட்டினார். காற்று டயரை உலகம் முழுவதும் ஓட வைத்தது அந்த முயற்சிதான்.

பிள்ளையின் சுகத்துக்காக ஒரு தகப்பன் அடைத்த காற்று அது. உங்கள் பிள்ளைகளின் உயிரும் அதே காற்றின் மேல்தான் ஓடுகிறது. புறப்படும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கக்கூடாதா?