தொண்டை நாட்டு நிலம் – 6: காடும் ஏரியும் காணியும்

தொண்டை மண்டலம் ஆற்றை நம்பிப் பயிர் செய்த நாடு அல்ல. மழைக்காலத்தில் சில வாரங்கள் கரை புரண்டு ஓடிவிட்டு, மற்ற நாட்களில் வெறும் மணலாகக் கிடப்பது பாலாற்றின் இயல்பு. அதில் வந்து சேரும் வேகவதியும் செய்யாறும் அப்படித்தான். பெய்கிற மழையைச் சரிவின் குறுக்கே மண்கரை போட்டுத் தேக்கினால் மட்டுமே இங்கே நெல் விளையும். தேக்காத இடத்தில் முட்புதரும் மேய்ச்சல் காடும் வரகும் கேழ்வரகும்தான். வேங்கடத்தை ஒட்டிய தமிழகத்தின் இந்த வட எல்லையில் காடு எப்போது, யாரால் கழனியானது என்ற கதை, ஏரிகள் எப்போது, யாரால் கட்டப்பட்டன என்ற கதைதான்.

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே வேலூர் சாலையில் உள்ள திருப்புட்குழியை நடுவில் வைத்துப் பார்த்தால் இந்த வரலாற்றின் எல்லாக் கட்டங்களும் ஒரு நாள் நடைக்குள் அடங்கிவிடும். மேற்கே தாமல் ஏரி. கிழக்கே கூரம், புள்ளலூர். தெற்கே பாலாற்றைத் தாண்டினால் உத்திரமேரூர்.

நெல்வயல்களுக்கு முந்தைய நிலையைக் காட்டும் சான்றுகள் இரண்டு வகை. ஒன்று, பழைய செங்கல்பட்டு மாவட்டத்துச் சரளை மேடுகளில் காணப்படும் இரும்புக்காலக் கல்வட்டங்கள். சானூர், குன்னத்தூர் ஆகிய இடங்களில் 1950களில் அகழாய்வு நடந்தது. பயிருக்கு உதவாத மேட்டைப் புதைகுழிக்கும், அடுத்த தாழ்வைத் தண்ணீருக்கும் வைத்துக்கொண்ட மக்கள் அவர்கள். மற்றொன்று பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்த நூல் தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சிக்குச் செல்லும் வழியைச் சொல்கிறது. புல்லரிசியைத் தோண்டியெடுத்துச் சமைக்கும் எயினர் குடில், ஆயர் பாடி, புன்செய் உழவர் ஊர், அதற்கப்புறம்தான் நெல்லும் கரும்பும் விளையும் மருதம். ஒரே நாட்டில் வேட்டையும் மேய்ச்சலும் உழவும் பக்கத்துப் பக்கத்தில் நடந்ததை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டவில்லை. நெல்வயல்கள் அப்போது தீவுகளாகத்தான் இருந்தன. மேற்கே செங்கம் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் பலவும் ஆநிரை கவர்ந்த சண்டையிலோ மீட்ட சண்டையிலோ இறந்தவர்களுக்கு எழுப்பியவை. அந்தப் பக்கத்தில் ஏழாம் நூற்றாண்டிலும் செல்வம் என்றால் மாடுதான்.

பல்லவர் காலத்தில் நிலைமை மாறத் தொடங்கியது. மகேந்திரவாடியில் மகேந்திர தடாகம், மாமண்டூரில் சித்திரமேக தடாகம், கூரத்தில் பரமேசுவர தடாகம், உத்திரமேரூரில் வயிரமேக தடாகம் என்று ஏரிகள் அரசர் பெயரையும் விருதுப்பெயரையும் தாங்கி எழுந்தன. இவற்றில் கூரத்தின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற வாய்க்கால் வெட்டி அந்த ஏரியை நிரப்பியதை அது பதிவு செய்கிறது. பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காகப் பிரித்ததையும் சொல்கிறது. 3 பங்கு கோயில் பூசை செய்வோருக்கு. மண்டபத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவதற்கு ஒன்று, அங்கே பாரதம் வாசிப்பவருக்கு ஒன்று. மீதி 20 பங்கு 20 பிராமணர்களுக்கு. தண்ணீர், கோயில், ஊர், பங்கு எல்லாம் ஒரே ஆவணத்தில் ஒன்றாகப் பிறக்கின்றன. பிறகு ஆயிரம் ஆண்டுக்கு இந்நாட்டின் நிலவுடைமை இந்தப் பங்கு முறையில்தான் நடந்தது.

இரண்டாம் நந்திவர்மனின் காசாக்குடிச் செப்பேடு இன்னும் நெருக்கமான காட்சியைத் தருகிறது. ஊற்றுக்காட்டுக் கோட்டத்துக் கொடுகொள்ளி என்ற ஊர், தானமாகக் கொடுக்கப்பட்டு ஏகதீரமங்கலம் ஆகிறது. நாட்டார் எல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு அடையாளம் வைக்கிறார்கள். செய்யாற்றிலும் வேகவதியிலும் திரையன் ஏரியிலும் வாய்க்கால் தோண்டி நீர் பாய்ச்சிக்கொள்ளும் உரிமை சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. திரையன் ஏரி என்பது இன்றைய தென்னேரி. செக்கு, தறி, மாடு மேய்ப்போர் முதலியவற்றுக்கான வரிகளின் பட்டியலும் அதில் உண்டு. நெல் மட்டுமல்லாமல் எண்ணெய், துணி, கறவை எல்லாம் சேர்ந்தே அந்த ஊரின் வாழ்வு நடந்தது என்பதற்கு இந்தப் பட்டியலே சாட்சி.

பல்லவர் செப்பேடுகள் சிலவற்றில், முன்பு அனுபவித்தவர்களை மாற்றியும் குடியை நீக்கியும் ஊர் கொடுக்கப்பட்டதாக ஒரு வாசகம் வரும். உழுதவர்கள் உண்மையிலேயே வெளியேற்றப்பட்டார்களா, அல்லது அவர்களுடைய பழைய உரிமை மட்டும் கைமாறியதா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியிருந்தாலும் தானம் கொடுத்த நிலம் எல்லாமே ஆளில்லாக் காடு என்று எண்ணுவதற்கு அந்த வாசகம் இடம் தரவில்லை.

ஏரியின் அமைப்பு எளியது, ஆனால் நுட்பம் நிறைந்தது. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே மெதுவாகச் சரிகிறது. சரிவின் குறுக்கே பிறை போல வளைந்த கரை. ஏரி நிரம்பினால் மிகைநீர் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. கரையை ஒட்டி உள்ளே இரண்டு கல்தூண்கள் நிற்கும், அவற்றைக் கற்பலகைகள் குறுக்கே இணைக்கும். பலகைத் துளைகளின் வழியே இறங்கும் நீண்ட கம்பின் முனையில் உள்ள அடைப்பு, அடியில் இருக்கும் கல்தொட்டியின் துளையை மூடும். கம்பைத் தூக்கினால் மதகு திறக்கும். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதை நீர்க்கட்டி பார்த்துக்கொள்வார். சித்திரையில் தொடங்கும் சொர்ணவாரி, ஆவணியில் தொடங்கும் சம்பா, மார்கழியில் தொடங்கும் நவரை என்ற மூன்று பட்டங்களும் ஏரியில் நிற்கும் தண்ணீரைப் பார்த்தே முடிவாகும்.

மழை அடித்துவரும் மண் ஆண்டுதோறும் ஏரியை மேடாக்கும். ஆகவே ஏரியைக் கட்டுவதைவிடக் காப்பதுதான் பெரிய வேலை. உத்திரமேரூர்ச் சபை இதற்கென்றே ஏரி வாரியம் வைத்திருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளின்படி ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்து, குடவோலையால் ஆட்களைத் தேர்ந்தெடுத்தது. ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர். தேர்வு பெறுபவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதி இழந்தார்கள். தேர்தல் முறைக்காகவே இந்தக் கல்வெட்டு புகழ் பெற்றது. அது நிலமுடையவர்களின் சபை என்பதையும், கழனியில் இறங்கி உழுதவர்களின் பெயர் அந்தக் குடத்தில் விழவே இல்லை என்பதையும் சேர்த்துத்தான் அதைப் படிக்கவேண்டும்.

தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகவும் 79 நாடுகளாகவும் அமைந்ததாகச் சொல்வது மரபு. உத்திரமேரூர் காலியூர்க் கோட்டத்தில் இருந்தது. தாமல் கோட்டத்தின் பெயர் திருப்புட்குழிக்கு அடுத்த தாமலில் இன்றும் நிற்கிறது. இந்தக் கோட்டங்களை முதலில் ஆண்டவர்கள் ஆடு மாடு மேய்த்த குறும்பர்கள், அவர்களை வென்ற ஆதொண்டைச் சக்கரவர்த்தி காட்டை வெட்டி வேளாளரைக் குடியேற்றினான் என்று ஒரு கதை நெடுங்காலமாக வழங்கியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் அது விரிவாகவே உள்ளது. வரலாறு என்று அதை அப்படியே ஏற்க முடியாது. ஆனால் காடு வெட்டியவருக்கே காணி, அதாவது பரம்பரை நில உரிமை, என்ற எண்ணம் அந்தக் கதைக்குள் இருக்கிறது. அந்த எண்ணம் பிற்காலத்தில் சட்ட வாதமாகவே மாறியது.

காடு பின்வாங்கிக்கொண்டே இருக்கவில்லை, திரும்பியும் வந்தது. புள்ளலூர் மண் இரண்டு பெரும் போர்க்காலங்களைக் கண்டது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் அங்கே பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. 1780 செப்டம்பர் 10 அன்று அதே இடத்தில் ஹைதர் அலியின் படையும் திப்புவும் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை அழித்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் அங்கேயே மீண்டும் சண்டை. போரில் கிராமங்கள் எரிந்தன, கால்நடை போயிற்று, குடிகள் ஓடினார்கள். கரை உடைந்த ஏரிகளைக் கட்ட ஆள் இல்லை. நஞ்சை தரிசாயிற்று, தரிசில் முள் ஏறியது.

போருக்கு முந்தைய நிலையை அறிய அரிய சான்று ஒன்று தப்பியது. ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1760களில் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற செங்கல்பட்டு ஜாகீரில், தாமஸ் பார்னார்டு 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்த ஊர்க்கணக்குகளின் தமிழ் ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. விளைச்சலை அரசும் குடியும் பங்கிடுவதற்கு முன்பே கோயிலுக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் வெட்டியானுக்கும் ஏரி மராமத்துக்கும் மேரை, மானியம் என்று ஒதுக்கிய விவரம் அவற்றில் இருக்கிறது. ஊரின் ஒவ்வொரு வேலைக்கும் களத்துமேட்டிலேயே ஒரு பங்கு நெல் இருந்தது.

1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் உடைந்த ஏரிகளைச் சீர் செய்ய முனைந்தார். மதுராந்தகம் ஏரியையும் ஏரிகாத்த ராமரையும் பற்றி இன்றும் சொல்லும் கதையில் வருபவர் அவரே. ஏரிகளைச் சரிசெய்ததோடு, யாருக்கு என்ன உரிமை என்ற கேள்வியையும் அவர் கிளறினார். அந்தக் கேள்விக்கு விரிவாக விடை எழுதியவர் பின்னாளில் சென்னைக் கலெக்டராக இருந்த எஃப். டபிள்யூ. எல்லிஸ். ஊர் நிலம் முழுவதும் பங்குக்காரர்களான மிராசுதாரர்களின் காணியாட்சி. பங்கைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும் ஊர் பசுங்கரை, மாற்றாமல் நிலையாக வைத்துக்கொண்ட ஊர் அருதிக்கரை. பயிர் செய்ய வந்த பாயக்காரியிடம் மிராசுதாரர் துண்டுவாரம் வாங்குவார். உழாத தரிசும் காடும் மேய்க்காலும்கூட அந்தப் பங்குக்குள் அடங்கும் என்பதே மிராசுதாரர்களின் வாதம். ஆதொண்டை கொடுத்த உரிமை என்று அதற்கு ஆதாரம் காட்டினார்கள்.

ஊர்களைத் தொகுத்து ஜமீன் போல ஏலத்தில் விற்ற மிட்டா முறையை 1802இல் கொண்டுவந்தார்கள், அது நிலைக்கவில்லை. நிலம் வைத்திருப்பவரிடம் அரசே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி வந்தது. தரிசுக்குத் தர்க்காஸ்து (மனு) போட்டுக் கேட்கலாம் என்று விதி வந்தபோதும், இந்த மாவட்டத்தில் முன்னுரிமை மிராசுதாரருக்கே இருந்தது. பண்ணையாளாகவும் படியாளாகவும் தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் நின்ற பறையர் மக்கள் ஒரு துண்டு தரிசைக் கேட்டாலும், ஊர்ப் பங்குக்காரர் குறுக்கே வந்து எடுத்துக்கொள்ள முடிந்தது. அவர்கள் குடியிருந்த மனையும் அவர்களுடையதல்ல. கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை இதை அரசின் முன் வைத்தது. அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணையால் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் ஒதுக்கப்பட்டது. அதுவே பஞ்சமி நிலம். பிறருக்கு விற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தும் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. மாமல்லபுரம் அருகே காரணையில் உள்ள பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி 1994இல் நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். ஏரியை வெட்டிய கைகளுக்கு நிலம் கிடைக்க ஆயிரத்து இருநூறு ஆண்டு ஆயிற்று, கிடைத்ததும் தங்கவில்லை. தொண்டை நாட்டு நில வரலாற்றில் இதைவிடப் பெரிய அநீதி இல்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் பொதுப்பணித் துறை வந்ததும் பெரிய ஏரிகள் அதன் கைக்குப் போயின. 1858இல் வாலாஜா அருகே பாலாற்று அணைக்கட்டு முடிந்தது. ஊரார் கூடிச் செய்த குடிமராமத்து மெல்லத் தளர்ந்தது. அடுத்த நூற்றாண்டில் மின்மோட்டார் வந்தபின் கிணறு வைத்திருப்பவருக்கு மதகு தேவைப்படவில்லை. மதகை நம்பியிருந்த சிறு விவசாயிக்குத் துணை நிற்க ஆளும் குறைந்தது.

இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத் துறைக் கணக்கில் 381 ஏரிகள், செங்கல்பட்டு மாவட்டத்தில் 528. அவற்றின் ஆயக்கட்டில் 1990களின் பிற்பகுதியிலிருந்து திருப்பெரும்புதூரும் ஒரகடமும் தொழிற்சாலைகளாக வளர்ந்தன. நிலத்தை அளந்த பழைய அளவு காணி, சுமார் 1.32 ஏக்கர். அது வழக்கொழிந்தது. அதன் 24இல் ஒரு பங்கான மனை, 2,400 சதுர அடி, கிரவுண்டு என்ற பெயரில் வீட்டுமனை வியாபாரத்தில் வாழ்கிறது. 2022இல் அறிவித்த பரந்தூர் விமான நிலையத்துக்கு 13 கிராமங்களில் சுமார் 5,700 ஏக்கர் குறிக்கப்பட்டுள்ளது. அதில் ஏரிகளும் நஞ்சையும் அடங்கும். ஏகனாபுரம் மக்கள் அதை எதிர்த்து நிற்கிறார்கள்.

ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் அ-பதிவேடு என்று ஒன்று உண்டு. எந்தப் புல எண் ஏரி, எது வாய்க்கால், எது மேய்க்கால் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அரசின் இணையச் சேவையில் புல எண்ணைக் கொடுத்து அதன் விவரத்தை எவரும் பார்க்கலாம். தம் ஊர்ப் பதிவேட்டை வாசகர்கள் ஒருமுறை எடுத்துப் பார்த்து, ஏரி என்று எழுதிய இடத்தில் ஏரி இருக்கிறதா என்று நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும்.

(தொடரும்)