கிராபிக்ஸ் கார்டு: பழையதும் புதியதும்

சென்னை மவுண்ட் ரோடு எனப்பட்ட அண்ணா சாலையை அடுத்துள்ள ரிச்சி தெருவும், அதனோடு இயைந்த நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு முதலியனவும் மின்னணுப் பொருள் வாணிகத்திற்குப் பேர்பெற்றவை. மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் முதலிய இடங்களினின்றும் மாணாக்கர் பலர் கணிப்பொறியின் உறுப்புக்களை நாடி ஆண்டுச் செல்வது வழக்கம். அவர்கள் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு. ஒரு காலத்தில் உயர்விலைக்கு விற்ற பழைய கிராபிக்ஸ் கார்டை இன்று குறைந்த விலைக்கு வாங்குவது நலமா, அன்றிப் புதிய கார்டுகளுள் எளிய ஒன்றை வாங்குவது நலமா என்பதே அது. பெட்டியின்மேல் அச்சிட்ட எண்களுள் பெரியது எது எனப் பார்த்து விடை கூறுவார் பலர். அவ்வெண்கள் எதனை அளக்கின்றன என்று அறியாதவழி, தந்தையார் அரிதிற் சேர்த்த பணம் வீணாதல் கூடும்.

கிராபிக்ஸ் கார்டின் தொழில் யாது? சாதாரணத் திரையொன்றில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 ஆக இருபது லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. விநாடிக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமாயின், 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தை ஒவ்வொரு விநாடியும் கணித்தல் வேண்டும். ஒரு பெருங் கணிதப் புலவரைக் காட்டிலும் கூட்டலும் பெருக்கலும் மட்டும் அறிந்த ஆயிரக்கணக்கான சிறுவர் இவ்வேலைக்கு ஏற்றவர். அச்சிறுவரே கோர்கள் எனப்படுவன.

இனி ஒரு சான்று காண்பாம். என்விடியா கம்பெனியார் 2017 மார்ச்சு மாதத்தில் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ என்னும் கார்டை 699 டாலர் விலைக்கு வெளியிட்டனர். 2021 பிப்ரவரியில் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 3060 என்பதன் விலை 329 டாலர். வியப்பு யாதெனின், இரண்டிலும் உள்ள கோர்கள் மிகச் சரியாக 3,584. விளையாட்டுக்களில் ஓட்டிப் பார்த்தபோதும் இவை பெரும்பாலும் அருகருகே நின்றன; பழையது சற்றே முந்தியதும் உண்டு. எனினும் பழையது உண்ணும் மின்சாரம் 250 வாட். புதியது 170 வாட். நாள்தோறும் நான்கு மணி நேரம் முழு வேகத்தில் இயக்கினால், இவ்வேறுபாடு அறுபது நாளில் ஏறக்குறைய 19 யூனிட்டு ஆகும். அவ்வளவு மின்சாரமும் வெப்பமாகவே அறையில் வெளிப்படுவதால், சென்னையின் சித்திரை மாதத்தில் இதனைக் கணக்கில் கொள்ளாதார் வருந்துவர்.

அடுத்து நினைவகத்தின் வேகம். ஈண்டே பலர் மயங்குகின்றனர். தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முன்னாள் ஒரு மணிக்கு எத்தனை பேர் கடக்க இயலும் என்பது, தெருவின் அகலத்தையும் கூட்டம் நகரும் விரைவையும் ஒருங்கே பொறுத்தது. கார்டிலும் அவ்வாறே. 1080 டிஐயின் பாதை 352 பிட்டு அகலமுடையது; ஒவ்வொரு பிட்டு வழியிலும் விநாடிக்கு 11 ஜிகாபிட்டு செல்லும். இரண்டையும் பெருக்கி எட்டால் வகுக்க, விநாடிக்கு 484 ஜிகாபைட்டு கிடைக்கும். 3060க்கு அகலம் 192, விரைவு 15, ஆகவே 360. 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060க்கு அகலம் 128, விரைவு 17. ஆகவே 272 மட்டுமே. ஆயினும் 2025இல் வந்த 5060, அதே 128 பிட்டு அகலத்தில் 28 என்னும் விரைவால் 448 ஜிகாபைட்டை எட்டிவிட்டது. அகலத்தை மட்டும் கேட்டு மதிப்பிடுவோர் இவ்விடத்து வழுவுவர்.

4060இன் நிலை இன்னும் விந்தையானது. அதன் கோர்கள் 3,072, 3060ஐவிடக் குறைவு. நினைவகப் பாதையும் குறுகியது. எனினும் விளையாட்டுக்களில் அதுவே முந்துகின்றது. காரணம் இரண்டு. 3060இன் கோர்கள் 1,777 மெகாஹெர்ட்சில் உழைக்க, 4060இன் கோர்கள் 2,460 மெகாஹெர்ட்சில் உழைக்கின்றன. மேலும், சில்லுக்குள்ளேயே அமைந்த சிறு சேமிப்பு முன்னதில் 3 மெகாபைட்டு. பின்னதில் 24 மெகாபைட்டு. அஞ்சறைப் பெட்டியில் கடுகும் சீரகமும் இருக்கையில் அடிக்கடி கடைத்தெருவுக்கு ஓடவேண்டுவதில்லையன்றோ? ஆனால் நினைவகத்தின் மொத்த அளவு 3060இல் 12 ஜிகாபைட்டு, 4060இல் 8 மட்டுமே. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை வீட்டில் இயக்கிப் பயில விரும்பும் மாணாக்கர்க்கு, எட்டில் அடங்காதது பன்னிரண்டில் அடங்கும். அவர்க்கு மெதுவான பழைய கார்டே மேலானது என்பது என் துணிபு.

நிற்க. ஒரே பெயரில் இருவேறு பொருள்கள் உலவுவது இவ்வாணிகத்தின் பெருங்குறை. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060இன் 6 ஜிகாபைட்டு வகையில் 1,280 கோர்கள். 3 ஜிகாபைட்டு வகையிலோ 1,152 மட்டுமே. 3060க்கும் 2022இல் 8 ஜிகாபைட்டு வகையொன்று வந்தது. அதன் பாதை 128 பிட்டாகக் குறுகி, வேகம் 240 ஜிகாபைட்டாயிற்று. எல்லாவற்றினும் கொடியது ஜிடி 1030. முதலில் வந்த வகையின் நினைவகம் விநாடிக்கு 48 ஜிகாபைட்டு தர, 2018இல் அதே பெயரோடு வந்த டிடிஆர் 4 வகை 17 ஜிகாபைட்டைக்கூட எட்டவில்லை. 2006ஆம் ஆண்டின் 8800 ஜிடிஎக்ஸ் 86 ஜிகாபைட்டு தந்தது என்பதை நினைக்க, இது நகைப்புக்கு இடமாகும்.

கார்டைச் செருகும் பலகையும் கருதத்தக்கது. 2022இல் ஏஎம்டி கம்பெனியார் வெளியிட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, நான்கே வழிகளால் பலகையோடு பேசுவது. புதிய பலகையில் அதனால் பெருந்தீங்கில்லை. மூன்றாந் தலைமுறைப் பலகையிலோ வேகம் கண்கூடாகக் குறையும். பழைய கணிப்பொறிக்கெனச் சிக்கன விலையில் இதனை வாங்குவோரே மிகவும் இழப்பவர்.

மீண்டும் 1080 டிஐக்கு வருவோம். அதன் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுக்களுக்குரிய இயக்கி மென்பொருள் வழங்குவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை எனக் கூறியுள்ளது. 2025இல் வெளிவந்த கூடா 13 என்னும் கணிப்பு மென்பொருளும் அத்தலைமுறையைக் கைவிட்டது. நுண்ணறிவுக் கணக்குகளை விரைவாக்கும் டென்சர் கோர்கள் அக்கார்டில் இல்லை, 3060இல் உண்டு. ஆதலின் கோர் எண்ணிக்கை ஒத்திருந்தும், இன்று பயிலப் புகும் மாணவர்க்கு 1080 டிஐயை யான் பரிந்துரையேன். பழைய விளையாட்டுக்களே போதும் என்பார், விலை மிகத் தாழ்ந்திருப்பின் கொள்ளலாம்.

கைமாறிய கார்டாயின் வேறொரு விசாரணையும் வேண்டும். ஈதரியம் என்னும் மின்பணத்தை ஈட்டும் பொருட்டு இரவு பகலாக ஓடிய கார்டுகள், 2022 செப்டம்பர் 15இல் அம்முறை ஒழிந்தபின் உலகெங்கும் பழைய பொருட் சந்தைக்கு வந்தன. அவற்றின் சில்லு கெடாதிருப்பினும் விசிறிகள் தேய்ந்திருத்தல் கூடும். கடையிலேயே கார்டைப் பொருத்தி அரைமணி நேரம் ஓட்டிக் காட்டுமாறு கேட்டல் முறையே. அப்போது ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருளைத் திறந்தால், கோர்களின் தொகை, பாதையின் அகலம், நினைவகத்தின் வகை, வெப்பநிலை ஆகியன திரையில் தோன்றும். அவற்றைப் பெட்டியின்மேல் உள்ள பெயரோடு ஒத்துப் பார்த்தபின் பணத்தை எடுக்கலாம்.