மொறிஸ் மைனரின் ஒயில் ஒழுக்கு: அடைப்பதற்கு முன் தேட வேண்டியது

எங்கள் வீட்டு முற்றத்தில் கார் நிற்கும் இடத்தில் எப்போதும் ஒரு தகரத் தட்டு இருக்கும். அம்மாவின் கட்டளை அது. இரவு கார் வந்து நின்றதும் தட்டை அடியில் தள்ளிவிட வேண்டும். காலையில் அதில் ஒரு தேநீர்க் கோப்பையளவு கறுப்பு ஒயில் தேங்கியிருக்கும். தட்டிலிருந்து இருபது அடி தூரத்தில் எங்கள் குடிதண்ணீர்க் கிணறு.

கார், 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. அப்பா அதை 1986இல் வாங்கி வாடகைக்கு ஓடினார். இப்போது அவர் கோயிலுக்கும் வைத்தியசாலைக்கும் மட்டும் எடுப்பார். கடந்த ஆண்டு தெற்கிலிருந்து ஒருவர் வந்து நல்ல விலைக்குக் கேட்டார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களுக்கும் விலை ஏறிவிட்டது. அம்மா விற்கச் சொன்னார். அப்பா பதில் சொல்லவில்லை. "ஒழுக்கு நிண்டா வைச்சிருப்பம், நிக்காட்டிக் குடுப்பம்" என்று முடிவானது. நிறுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அதற்கு முன்பே மூன்று தடவை முயன்றிருந்தோம். ஒரு முறை எஞ்சினின் மேல்மூடிப் பக்கிங் மாற்றினோம். இன்னொரு முறை சம்ப் பக்கிங் மாற்றினோம். மூன்றாம் முறை, ஒழுக்கை நிறுத்தும் என்று போத்தலில் எழுதியிருந்த மருந்தை ஒயிலோடு கலந்தோம். ஒவ்வொரு முறையும் ஒரு கிழமை குறைந்ததுபோல இருந்து, பிறகு தட்டு நிறைந்தது. பழைய கார் வைத்திருக்கும் பலருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும். நாங்கள் விட்ட பிழை என்ன என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

விழும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு

யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரினும் மொறிசும் திருத்தியே வாழ்நாளைக் கழித்த ஒரு ஐயாவிடம் காரைக் கொண்டுபோனேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பெயர் போட வேண்டாம் என்றார். எந்தப் பக்கிங்கை மாற்ற வேண்டும் என்று கேட்டேன்.

"பிள்ளை, முதல் எங்க எண்டு பாப்பம். பிறகு ஏன் எண்டு பாப்பம். மாத்துறது கடைசி வேலை" என்றார்.

ஓடும் காரின் அடியில் காற்று முன்னிருந்து பின்னே அடிக்கிறது. முன்பக்க மூடியில் கசியும் ஒயிலை அது சம்ப் வழியே பின்னால் தள்ளி, கியர்பொக்ஸ் அடியில் சொட்ட வைக்கும். மேலே கசிவதும் வழிந்து கீழேதான் வரும். தட்டில் விழுந்த இடத்தை வைத்து நாங்கள் பக்கிங் மாற்றியது வீண்வேலை.

ஐயா மண்ணெண்ணெயும் பிறஷ்சும் தந்து எஞ்சினை முழுதாகக் கழுவச் சொன்னார். அரை நாள் போனது. காய்ந்தபின் ஒவ்வொரு மூட்டிலும் குழந்தைப் பவுடரைத் தூவினார். எஞ்சினை இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, பிறகு ஒழுங்கையைச் சுற்றி ஒரு ஓட்டம். திரும்பி வந்து ரோச் அடித்துப் பார்த்தபோது வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. முன்னால் ரைமிங் செயின் மூடி. பக்கத்தில், புகைபோக்கிக் குழாய்க்குப் பின்னால் மறைந்திருக்கும் தப்பெற் மூடிகள் இரண்டு. பின்னால் எஞ்சினும் கிளச் கூடும் சேரும் இடம். ஆக நான்கு இடங்கள். நாங்கள் பக்கிங் மாற்றிய மேல்மூடியும் சம்ப்பும் காய்ந்திருந்தன.

"நாலு இடத்தில ஒரே நேரத்தில ஒழுகினா, அது நாலு வருத்தமில்லை. உள்ளுக்கு ஒரு வருத்தம்" என்றார் ஐயா.

உள்ளே அடைபட்ட காற்று

பிஸ்ரனைச் சுற்றியுள்ள றிங்குகள் எரிந்த வாயுவை மேலேயே தடுத்து வைக்க வேண்டும். புதிய எஞ்சினிலும் கொஞ்சம் கீழே தப்பும். அது வெளியேற ஒரு மூச்சுக்குழாய் உண்டு. எங்கள் 948 சிசி எஞ்சினில் அது தப்பெற் மூடி ஒன்றிலிருந்து நிலத்தை நோக்கி இறங்குகிறது. றிங்குகள் தேய்ந்தால் அதிக வாயு இறங்கும். மூச்சுக்குழாயும் அடைபட்டால் அந்த வாயுவுக்குப் போக இடமில்லை. அது ஒயிலைக் கிடைத்த மூட்டுகள் வழியே வெளியே தள்ளும். எத்தனை பக்கிங் மாற்றினாலும் நிற்காததன் காரணம் இதுதான்.

இதைச் சோதிப்பது எளிது. எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றினோம். ஆவி, கேத்தில் கொதிப்பதுபோல விட்டு விட்டு வந்தது. பிறகு நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் அளந்தோம். சதுர அங்குலத்துக்கு 125, 120, 85, 118 இறாத்தல். மூன்றாவது சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளந்தபோது 110க்கு ஏறியது. வால்வு பிழையென்றால் ஒயில் விட்டும் ஏறாது. ஏறினால் தேய்ந்தது றிங்கும் சுவரும்.

மூச்சுக்குழாயைக் கழற்றினோம். கம்பி விட்டபோது கட்டிபட்ட கரி வந்தது. அதன் பின்னால் மண் வந்தது. குளவிக்கூடு! கார் ஓடாமல் நின்ற ஏதோ ஒரு காலத்தில் குளவி அங்கே குடியிருந்திருக்கிறது.

மண்ணெண்ணெய் ஆண்டுகள்

மூன்றாவது சிலிண்டர் தேய்ந்ததற்குக் காரணம் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் பெற்றோல்போல இலகுவில் ஆவியாகாது. எரியாமல் எஞ்சியது சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, சம்ப் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். "கோலை எடுத்துப் பாத்தா ஒயில் குறையாது, கூடியிருக்கும். சந்தோசப்படேலாது. அது மண்ணெண்ணெய்" என்றார் அப்பா. நீர்த்த ஒயிலில் ஓடினால் றிங்கும் பெயரிங்கும் தேயும்.

அந்த எஞ்சினோடுதான் 1995 ஒக்ரோபர் கடைசியில் அப்பாச்சியையும் ஐந்து வயதான என்னையும் ஏற்றிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனார். எனக்கு நினைவிருப்பது மண்ணெண்ணெய் மணம் மட்டும்.

திருகு வரியும் ஒரு துளையும்

பின்பக்க ஒழுக்குக்கு வேறு கதை. மொறிஸ் மைனரிலும் ஒஸ்ரின் ஏ30, ஏ35 கார்களிலும் இருப்பது 1951இல் வந்த ஒரே குடும்பத்து எஞ்சின். 1959இல் வந்த மினியும் அதே குடும்பம்தான். மைனரில் கிராங் சாவ்ற்றின் பின்முனையில் இன்றைய கார்களில் உள்ளதுபோல றப்பர் சீல் கிடையாது. அங்கே திருகுபோல ஒரு வரி வெட்டப்பட்டிருக்கும். சுழலும்போது அது ஒயிலை உள்ளே திருப்பி அனுப்பும். எஞ்சின் நின்றதும் ஒன்றிரண்டு துளி வெளியே வரத்தான் செய்யும். அது கிளச்சில் படாமல் நிலத்தில் விழவென்றே கிளச் கூட்டின் அடியில் ஒரு துளையும், துளை அடைபடாமல் ஆடிக்கொண்டிருக்க ஒரு ஸ்பிளிற் பின்னும் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் காரில் பின் இல்லை. துளையில் ஒரு போல்ட் இறுக்கப்பட்டிருந்தது. ஐயா அதைத் திருகியதும் ஒயில் கொட்டியது. இரண்டு தரம் கிளச் பிளேற் மாற்றியும் கிளச் வழுக்கியதன் காரணம் அதுதான்.

எந்தக் கராச்சில் செய்த வேலை என்று வீட்டில் வந்து கோபத்தோடு கேட்டேன். அப்பா போல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"நான்தான் பிள்ளை. அந்த நேரம் ஒயில் எங்க கிடந்தது? ஒரு துளியும் நிலத்தில விழக்கூடாது எண்டு அடைச்சனான். பிறகு மறந்துபோனன்."

அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

செய்த வேலை

மூச்சுக்குழாயையும் மேல்மூடியின் காற்றுவழியையும் சுத்தம் செய்தோம். துளையைத் திறந்து ஸ்பிளிற் பின் போட்டோம். தப்பெற் மூடிகள் முன்பு மிகையாக இறுக்கியதால் வளைந்திருந்தன. தட்டையான இரும்பில் வைத்துத் தட்டி நேராக்கிய பின்பே புதிய தக்கைப் பக்கிங் போட்டார் ஐயா. தக்கைப் பக்கிங்கை இறுக்க இறுக்க ஒழுக்கு நிற்காது. தக்கை பிதுங்கி உடையும், தகரம் வளையும்.

ரைமிங் மூடியின் சீலை மாற்றும்போது ஒரு நுணுக்கம் காட்டினார். மூடியின் போல்ட்டுகளைத் தளர்வாக வைத்து, கப்பியை அதன் இடத்தில் மாட்டி, சீல் நடுவில் அமர்ந்தபின்பே போல்ட்டுகளை இறுக்க வேண்டும். மூடியை முதலில் இறுக்கினால் சீல் ஒரு பக்கமாக அழுந்தி மறுபடி ஒழுகும்.

ஒயில் 20டபிள்யூ-50. அதைவிடத் தடித்தது ஊற்றினால் என்ன என்று கேட்டேன். ஒழுக்கு சில நாள் மெதுவாகும், காலையில் ஸ்ரார்ட் செய்யும்போது பெயரிங்குகளுக்கு ஒயில் பிந்திப் போகும் என்றார்.

சிலிண்டர் சுவரைக் கடைந்து புதிய பிஸ்ரன் போடுவதே முழுத் தீர்வு. அதற்கான செலவு எனது மூன்று மாத வருமானத்தைத் தாண்டும். மூச்சுக்குழாய் திறந்திருக்கும்வரை அவசரமில்லை என்றார் ஐயா. ஆகவே ஒத்திவைத்திருக்கிறோம்.

ஏன் இவ்வளவு மெனக்கெடவேண்டும்?

யாழ்ப்பாணத்தின் நிலத்தடி சுண்ணக்கல். மேலே ஊற்றியது பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கி நீரைச் சேரும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்து, சனம் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றதை 2015 அளவில் செய்தியாளராக நேரில் பார்த்தவள் நான். ஒரு காரின் ஒழுக்கை அதோடு ஒப்பிட முடியாது. ஆனால் கிணற்றடியில் தினமும் ஒரு கோப்பை என்றால் அது நம் வீட்டுக் கணக்கு. கழிவு ஒயிலை வேலியோரம் ஊற்றும் பழக்கத்தையும் நாம் விட வேண்டும். மூடியுள்ள கானில் சேர்த்து, கழிவு ஒயில் எடுக்கும் இடத்தில் கொடுக்கலாம்.

வேலை முடிந்து நான்கு மாதமாகிறது. ஒழுக்கு முழுதாக நிற்கவில்லை. காலையில் தட்டில் மூன்று நான்கு துளி இருக்கும். அது துளை வழியாக விழவேண்டிய துளி. கார் வாங்க வந்தவர் போன மாதம் மறுபடி தொலைபேசியில் கேட்டார். அம்மாதான் எடுத்தார்.

"இல்லைத் தம்பி, அது இப்ப ஒழுகிறேல்லை" என்றார்.

தட்டை மட்டும் எடுக்க விடவில்லை.