தண்ணீரைப் பிடித்து வைக்கும் மாவுச்சத்து

மரவள்ளி, மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் மாவுச்சத்து சவ்வரிசிக்கும் கஞ்சிப் பசைக்கும் மட்டும் உரியதன்று. ரசாயன முறையில் மாற்றியமைத்தால் அது மண்ணில் ஈரம் காக்கும் பொருளாகவும் ஆகிறது. 1970-களில் அமெரிக்காவில், பியோரியா நகரிலுள்ள அரசு வேளாண் ஆய்வுக்கூடத்தில் மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து இத்தகைய பொருள் தயாரிக்கப்பட்டது. 'சூப்பர் ஸ்லர்ப்பர்' எனப்பட்ட அது, தன் எடையைப் போல் பல நூறு மடங்கு தூய நீரை உறிஞ்சிக் களி போல் உப்பியது. விதைக்குப் பூசவும், நாற்றின் வேரை நனைத்து நடவும் அது பயன்பட்டது.

மாற்றம் நிகழும் விதம்

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் சர்க்கரைக் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலியாகும். மாஞ்செடியில் ஒட்டுக் கட்டுவது போல, இச்சங்கிலியில் அக்ரிலோநைட்ரைல் என்னும் பொருளின் தொடர்களை ஒட்டுகிறார்கள். பின்னர் காரம் சேர்த்துச் சூடாக்கும்போது, அத்தொடர்களில் எதிர்மின்னூட்டம் பெற்ற பகுதிகள் உண்டாகின்றன. இவை ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதால் சங்கிலிகள் விரிந்து, இடையில் நீர் புகுந்து தங்குகிறது. அக்ரிலோநைட்ரைல் நச்சுப்பொருள், ஆகவே இது ஆலையில் மட்டுமே செய்யத்தக்க பணியாகும்.

உப்பு நீரில் குறைபாடு

நீரிலுள்ள உப்புகள் இந்த விலக்கு விசையைத் தணித்துவிடும். சுண்ணாம்புச் சத்து சங்கிலிகளை இறுக்கியும் விடும். எனவே உவர் நீரிலும் உரக் கரைசலிலும் உறிஞ்சும் திறன் வெகுவாகக் குறைகிறது. தூய நீரில் கண்ட அளவை நம்பிப் பணம் செலவிடுவது நட்டத்தில் முடியலாம்.

வாங்குமுன் சோதனை

இன்று கடைகளில் கிடைக்கும் நீருறிஞ்சித் தூள்கள் யாவும் மாவுச்சத்தில் செய்யப்பட்டவை அல்ல. எதுவாயினும் முதலில் சிறிதளவு வாங்கிச் சோதிக்கவும்.

1. கால் தேக்கரண்டித் தூளை ஒரு லிட்டர் மழைநீரிலும், அதே அளவுத் தூளை ஒரு லிட்டர் கிணற்று நீரிலும் இடவும்.
2. இரண்டு மணி நேரம் கழித்து மெல்லிய துணியில் தனித்தனியே வடிகட்டவும்.
3. தங்கிய களியை எடை போட்டு ஒப்பிடவும்.

கிணற்று நீரில் கிடைத்த எடையைக் கொண்டே செலவைக் கணக்கிட வேண்டும். இப்பொருள் நீரை உண்டாக்குவதில்லை. பாய்ச்சிய நீரைச் சில காலம் பிடித்து வைக்கிறது, அவ்வளவே. நீர் விரைவில் வடியும் மணற்பாங்கான நிலத்திலும் நாற்றங்காலிலும் இதன் பயன் அதிகம். முதலில் ஒரு பாத்தியில் இட்டு, இடாத பாத்தியுடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்னர் பிற இடங்களுக்குப் பயன்படுத்துவதே நலம்.