மாடியைப் பெயர்க்கும்போதே வெப்பத்தையும் தடுப்போம்

வீட்டைப் புதுப்பிக்கக் கடன் பெற எண்ணும்போது தரைக்கல், சமையலறை அலமாரி, குளியலறைக் குழாய்கள் ஆகியவையே நம் மனத்தில் முதலில் எழுகின்றன. மொட்டை மாடியை நாம் நினைப்பது, நீர் கசியும்போது மட்டுமே. கசிவைச் சரிசெய்யப் பழைய தட்டோடுகளைப் பெயர்க்கும் அந்தச் சில நாட்கள்தாம் கூரைக்கு வெப்பக்காப்பு அமைக்க உகந்த தருணம். அதைத் தவறவிட்டால், பின்னாளில் புதிய ஓடுகளையே உடைக்க நேரிடும்.

கான்கிரீட் தளம் உறுதியானது. ஆயினும் வெப்பத்தைத் தடுப்பதில் வலுவற்றது. பகல் முழுவதும் ஏற்கும் சூட்டை இரவில் அறைக்குள் இறக்குகிறது. நள்ளிரவிலும் மின்விசிறி அனற்காற்றை வீசுவது இதனால்தான். பூச்சில்லாத 150 மில்லிமீட்டர் தளத்தின் வழியே, இருபுறமும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், சதுர மீட்டருக்கு 3 வாட்டுக்கும் மேலான வெப்பம் கடக்கும். குடியிருப்புகளுக்கென மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ விதித்த உச்ச வரம்பு 1.2 வாட். அவ்விதி புதிய கட்டடங்களுக்கானது. பழைய வீட்டுக்கும் அதை அளவுகோலாகக் கொள்ளலாம். 50 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். நுரைப்பலகை பதித்தால் இந்த அளவு ஏறத்தாழ அரை வாட்டாகக் குறையும். வெப்பத்தைத் தடுப்பதில் அப்பலகை 2 மீட்டருக்கும் மேற்பட்ட கான்கிரீட்டுக்கு நிகர்.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். தமிழகத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளமும், வட இந்தியாவில் களிமண்ணும் வைக்கோலும் சேர்த்து இட்ட ‘மட் ஃபுஸ்கா’வும் இப்பணியையே செய்தன. அவை மிகுந்த எடையுள்ளவை. ஆகவே பழைய அடுக்கின்மீதே புதிய அடுக்கை ஏற்றுவது தவறு. கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும் தளமாயின், முதலில் பொறியாளரிடம் காட்டுவதே முறை.

வேலையின் வரிசை முக்கியம். தளத்தைப் பழுதுபார்த்து, நீர் வடியச் சரிவு அமைத்து, நீர்த்தடுப்புப் பூச்சிட்டு, ஓரிரு நாள் நீர் தேக்கிச் சோதிக்க வேண்டும். அதன் பின்னரே பலகை, மேல் கான்கிரீட், வெண்ணிற ஓடு. ஈரத்தை உறிஞ்சும் பொருளை இங்கு இடலாகாது; நனைந்த வெப்பக்காப்பு தன் பயனை இழந்துவிடும்.

அடுக்குமாடியில் மாடி நம் உரிமையில் இல்லாதபோது, ஃபால்ஸ் சீலிங்கின் மேல் ராக்வூல் வைக்கலாம். அது எரியாது என்பதால், மின்கம்பிகள் செல்லும் இடத்தில் தெர்மோகோலைவிடப் பாதுகாப்பானது. எனினும் இது இரண்டாம் நிலைத் தீர்வே; தளம் சுட்டுக்கொண்டுதான் இருக்கும். வெள்ளைப் பூச்சு மலிவானது, பயனுள்ளது. தூசி படியப்படிய அதன் ஆற்றல் குன்றும்.

இச்செலவைக் கடன் விண்ணப்பத்துடன் தரும் மதிப்பீட்டிலேயே தனி இனமாகக் காட்டுங்கள். பலகையின் வகை, தடிமன், பரப்பு ஆகியவை அதில் இருக்கட்டும். மதிப்பீட்டில் இல்லாத வேலைக்குப் பின்னர் கூடுதல் தொகை பெறுவது எளிதன்று. வருமான வரிச் சட்டத்தின் பழைய வரி முறையில், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்பு, புதுப்பிப்புக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு. வீட்டுக் கடன் வட்டிக்கான 2 லட்சம் ரூபாய் வரம்புக்குள் இதுவும் அடங்கும்.

கடன் தொகை வேலையின் நிலைக்கேற்பத் தவணைகளில் விடுவிக்கப்படும். வெப்பக்காப்போ ஓட்டுக்கு அடியில் மறைந்துவிடுவது. மேல் கான்கிரீட் இடும் முன் பலகைகளை நேரில் பார்த்து, தடிமனை அளந்து, புகைப்படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக்காரருக்குப் பணம் தருவது அதன் பின்னர்.