பின்னிருக்கைப் பயணியும் மின்சாரக் காரும்

ஆழ்வார்திருநகரி உள்ளிட்ட நவதிருப்பதிகளை ஒரே நாளில் வழிபட வருவோர் பலர் வாடகைக் காரையே நாடுகின்றனர். திருநெல்வேலி–திருச்செந்தூர் சாலையிலிருந்து விலகி, தாமிரபரணிக் கரையின் ஊர்ச்சாலைகளில் வளைந்தும் நின்றும் கிளம்பியும் செல்லும் அப்பயணத்தில், பின்னிருக்கையில் இருப்பவருக்கு வயிற்றைப் புரட்டினால் அதைப் பித்த உடம்பின் குறையென்று ஒதுக்கிவிடுகின்றனர். தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. இத்தகைய கார்கள், எந்த நிறுவனத்தினுடையதாயினும், இச்சாலைகளில் பெருகவிருக்கும் நிலையில் அந்த எண்ணம் மாற வேண்டும்.

உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு அசைவை உணர, கண்ணோ காரின் உட்புறத்தையோ கைபேசியையோ பார்த்து அசைவில்லை என்று தெரிவிக்க, இவ்விரண்டும் மூளையில் முரண்படுவதே பயணக் குமட்டலுக்குப் பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். ஏறத்தாழ ஐந்து நொடிக்கு ஒருமுறை வந்துபோகும் மெதுவான அசைவே உடலை மிகுதியாக வருத்துகிறது. அலைமேல் படகு ஏறியிறங்கும்போது கடலுக்குப் புதியவர் படும் பாடும் இதுவே. மின்சாரக் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, சக்கரத்தின் ஓட்டத்தைப் பேட்டரிக்கு மின்சாரமாகத் திருப்பி, காரின் வேகத்தைக் குறைக்கிறது. இதுவே ‘ரீஜென்’ எனப்படும் மீளாக்க பிரேக். ஓட்டுநர் காலை அழுத்தி விடுவிக்குந்தோறும் உடல் முன்னும் பின்னும் ஆடுகிறது; அது அவருக்கு முன்கூட்டியே தெரியும், ஆனால் எஞ்சின் ஓசையின் குறிப்பும் இல்லாத பின்னிருக்கைப் பயணிக்குத் தெரியாது.

ஆகவே முதல் மருந்து ஓட்டுநரின் காலில்தான் இருக்கிறது. ரீஜென் அளவை மாற்றும் வசதியுள்ள காரில் அதைக் குறைந்த நிலையில் வைத்து, காலைச் சட்டென்று எடுக்காமல் மெல்லத் தளர்த்தினாலே பெரும் வேறுபாடு தெரியும். பயணி கைபேசியைத் தவிர்த்து, முன்கண்ணாடி வழியே தொலைவிலுள்ள சாலையைப் பார்க்கலாம். உடன்குடிச் சில்லுக் கருப்பட்டியில் சேரும் சுக்கு சிலருக்கு ஆறுதல் தரும் என்றாலும், நீரிழிவு உள்ளவருக்கு அந்த இனிப்பு ஏற்றதன்று. புரோமெத்தசின் போன்ற மாத்திரைகளைப் பயணத்துக்கு முன்பே எடுக்க வேண்டும். அவை உறக்கம் தருவன என்பதால் ஓட்டுநருக்கு ஆகா, 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அறவே கூடாது. வாந்தி வந்தால் ஓடும் காரின் சன்னலில் தலையை நீட்டவிடாமல் வண்டியை ஓரங்கட்டுவதே பாதுகாப்பு.

கட்டணம் கொடுத்துப் பயணிப்பவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே. மெதுவாக ஓட்டும்படியும் இடையில் நிறுத்தும்படியும் கேட்க அவர் தயங்கத் தேவையில்லை. கார் வாங்குவோர் சோதனை ஓட்டத்தில் பின்னிருக்கையிலும் அமர்ந்து பார்ப்பதும், ரீஜெனை எவ்வளவு குறைக்க முடியும் என்று எழுத்தில் பெறுவதும் நல்லது. குமட்டல் வந்தது என்பதற்காக மட்டும் காரைக் குறைபாடுடையதாகச் சட்டம் கருதாது. ஆயினும் உண்டென்று உறுதியளித்த வசதி இல்லாமலோ இயங்காமலோ போனால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். தீர்வு கிட்டாவிடில், செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை, வழக்குக்குக் காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். அப்போது விற்பனையாளர் எழுதித் தந்த தாளும் ரசீதும் சான்றாக நிற்கும்.