ஆர்கானுக்குப் பிறகு ஏன் பொட்டாசியம்?

"மாமா, இந்த அட்டவணையில் ஒரு தப்பு இருக்கிறது!"

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிவியல் புத்தகத்தை விரித்தபடி வந்து நின்றாள். அவள் விரல் காட்டிய இடத்தில் ஆர்கானும் அதற்கு அடுத்ததாகப் பொட்டாசியமும் இருந்தன. ஆர்கானின் அணு எடை 39.95, பொட்டாசியத்தின் அணு எடை 39.10.

"தனிமங்களை எடை வரிசையில் அடுக்கியவர் மெண்டலீவ் என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. அப்படியானால் எடை குறைந்தது முன்னாலும் கூடியது பின்னாலும் அல்லவா வர வேண்டும்?"

இந்தக் கேள்வி எனக்குப் புதிதன்று. பள்ளியில் படித்த காலத்தில் நானும் இதையே கேட்டேன். "அது விதிவிலக்கு, அப்படியே எழுதிக்கொள்" என்று பதில் வந்தது. எழுதிக்கொண்டேன், தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் விடை கிடைக்கவில்லை. கல்லூரியில் இயற்பியல் படித்த பிறகுதான் அது விதிவிலக்கே அன்று என்பது விளங்கியது. அவளையும் அத்தனை ஆண்டுகள் காக்க வைக்க எனக்கு மனமில்லை. அன்று அவளுக்குச் சொன்னதையே இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பாடநூலுக்காகப் பிறந்த அட்டவணை

மாணவர்களை அச்சுறுத்தும் இந்த அட்டவணை, மாணவர்களுக்கு உதவுவதற்காகவே பிறந்தது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த திமித்ரி மெண்டலீவ், தம் மாணவர்களுக்காக ஒரு பாடநூல் எழுதத் தொடங்கினார். அன்று அறியப்பட்டிருந்த தனிமங்கள் 63. நூலின் முதற் பாகத்தை எழுதி முடித்தபோது அவற்றுள் ஒரு சிலவற்றைப் பற்றியே அவரால் சொல்ல முடிந்திருந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டவை மீதி நின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே விவரித்தால் மாணவர் எப்படி நினைவில் கொள்வர்? எதை எதன் பின் வைப்பது? இந்தச் சிக்கலே 1869-ஆம் ஆண்டில் அட்டவணையாக உருவெடுத்தது.

அணு எடைப்படி தனிமங்களை எழுதிச் சென்றால், குறிப்பிட்ட இடைவெளிக்குப் பிறகு பழைய குணங்கள் மீண்டும் தலைகாட்டுகின்றன. லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றும் மென்மையான உலோகங்கள். மூன்றுமே தண்ணீரோடு சீறிப் பாயும் இயல்புடையவை. ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகியவை மற்றொரு குடும்பம். திங்கட்கிழமைகள் எல்லாம் நாட்காட்டியில் ஒரே பத்தியில் வருவது போல, ஒரே குணமுடைய தனிமங்களை ஒரே பத்தியில் கொணர்ந்தார் மெண்டலீவ்.

இந்த எண்ணம் அவருக்கு மட்டும் தோன்றியதன்று. ஜெர்மனியில் லோதர் மேயரும் இதே வழியில் சென்றுகொண்டிருந்தார். இங்கிலாந்தில் நியூலண்ட்ஸ், எட்டுக்கு ஒருமுறை குணங்கள் மீள்கின்றன என்று 1866-இல் வேதியியல் சங்கத்தில் எடுத்துரைத்தார். "அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா?" என்று ஒருவர் கேலியாகக் கேட்டார். ஆனால் மெண்டலீவ் செய்ததில் ஒரு தனித் துணிவு இருந்தது. குணம் பொருந்தாத இடத்தில் தனிமத்தை வலிந்து திணிக்காமல், அந்த இடத்தைக் காலியாக விட்டார். "இங்கே வர வேண்டியவர் இன்னும் வரவில்லை" என்றார்.

நீங்களே மெண்டலீவ் ஆகலாம்

வாசகர்கள் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் ஓர் இடம் காலியாக இருப்பதாகக் கொள்வோம். அதற்கு மேலே சிலிக்கான், கீழே வெள்ளீயம், இடப்புறம் காலியம், வலப்புறம் ஆர்செனிக். இந்நான்கின் அணு எடைகள் முறையே 28.1, 118.7, 69.7, 74.9. கூட்டி நான்கால் வகுத்தால் ஏறத்தாழ 72.9 வருகிறது.

இனி அடர்த்தியைப் பாருங்கள். கன சென்டிமீட்டருக்கு 2.3, 7.3, 5.9, 5.7 கிராம். இவற்றின் சராசரி 5.3.

அந்தக் காலி இடத்துக்கு உரியது ஜெர்மானியம். அதன் அணு எடை 72.6, அடர்த்தி 5.3. கண்ணால் காணாத ஒரு பொருளை, அக்கம்பக்கத்தாரை விசாரித்தே அடையாளம் கண்டுவிட்டோம்!

இதே முறையை ஒட்டித்தான் மெண்டலீவ் 1871-இல் மூன்று தனிமங்களைப் பற்றி விரிவாக முன்கூட்டிச் சொன்னார். ஏக-போரான், ஏக-அலுமினியம், ஏக-சிலிக்கான் என்பன அவர் இட்ட பெயர்கள். 'ஏக' என்பது ஒன்று எனப் பொருள்படும் நம் நாட்டு வடமொழிச் சொல்லே. ஏக-சிலிக்கானின் எடை 72 இருக்கும், அடர்த்தி 5.5 இருக்கும் என்றார். 1886-இல் ஜெர்மானிய அறிஞர் வின்க்ளர் அத்தனிமத்தைக் கண்டறிந்தபோது, மெண்டலீவின் மதிப்பீடு எத்துணை நெருங்கியது என்பதை உலகம் கண்டது.

அதற்கு முன்பே ஒரு சுவையான நிகழ்ச்சி நடந்திருந்தது. 1875-இல் பிரான்சில் புவபோத்ரான் என்பவர் காலியத்தைக் கண்டறிந்தார். அது ஏக-அலுமினியமே. அவர் அளந்த அடர்த்தி 4.7. மெண்டலீவ் அதைப் படித்துவிட்டு, "அடர்த்தி 5.9 அளவில் இருக்க வேண்டும், உங்களிடம் உள்ள பொருள் தூய்மையாக இல்லை போலும்" என்ற கருத்தில் எழுதினார். தனிமத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு, அதைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர் திருத்தம் சொல்வதா? ஆயினும் புவபோத்ரான் பொருளைத் தூய்மைப்படுத்தி மறுபடியும் அளந்தார். விடை 5.9 என்றே வந்தது. (காலியம் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியசில் உருகும். நம் ஊர்க் கோடையில் அது குப்பிக்குள்ளேயே உருகிக் கிடக்கும்.)

எடையை மீறிய துணிவு

இப்போது நம் கேள்விக்கு வருவோம். மெண்டலீவ் எதிர்கொண்ட இடர்ப்பாடு ஆர்கான் அன்று. அவ்வாயு 1894-இல்தான் கண்டறியப்பட்டது. அவரைத் தடுமாற வைத்தவை டெலூரியமும் அயோடினும். இன்றைய அளவுப்படி டெலூரியம் 127.6; அயோடின் 126.9. எடைப்படி வைத்தால் அயோடின் முன்னே வந்து, குளோரின், புரோமின் குடும்பத்தை விட்டுப் பிரிந்து போகும். மெண்டலீவ் குணத்தின் பக்கம் நின்றார். டெலூரியத்தை முன்னே வைத்தார். "எடையை அளந்தவர்கள் தவறியிருக்க வேண்டும்" என்றார்.

இங்கே அவர் சொன்ன காரணம் பிழை. எடையைத் திரும்பத் திரும்ப அளந்தும் டெலூரியமே கனமாக இருந்தது. ஆனால் அவர் கொடுத்த இடம் சரி! 1907-இல் மெண்டலீவ் மறைந்தபோது இந்தப் புதிர் அவிழாமலே இருந்தது. தனிமங்களை வரிசைப்படுத்துவது எடை இல்லையென்றால் வேறு எது?

மோஸ்லி கண்ட வரிசை எண்

விடை இயற்பியல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் ரூதர்போர்டின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர், 1913-இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். வேகமான எலெக்ட்ரான்களால் ஓர் உலோகத்தைத் தாக்கினால், அவ்வுலோகம் தனக்கே உரிய எக்ஸ் கதிர்களை வெளியிடும். காற்று நீக்கிய குழாய்க்குள் ஒரு சிறு வண்டியில் உலோகத் துண்டுகளை வரிசையாக வைத்து, பட்டு நூலால் இழுத்து இழுத்து, ஒவ்வொன்றின் கதிரையும் படிகத்தின் உதவியால் அளந்தார்.

இக்கதிர் அணுக்கருவுக்கு மிக அருகிலுள்ள எலெக்ட்ரான் கூட்டிலிருந்து பிறப்பது. ஆதலால் அணுக்கருவின் மின்னூட்டம் எவ்வளவு என்பதை அது நேராகக் காட்டிக் கொடுத்துவிடும். இன்றைய துல்லிய அளவுகளில் அடுத்தடுத்த ஐந்து உலோகங்களைப் பார்ப்போம். முதலில் அணு எடை. அடுத்து எக்ஸ் கதிரின் ஆற்றல் (கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில்). கடைசியில் அந்த ஆற்றலின் வர்க்கமூலம்.

இரும்பு: 55.85, 6.40, 2.530
கோபால்ட்: 58.93, 6.93, 2.632
நிக்கல்: 58.69, 7.48, 2.735
செம்பு: 63.55, 8.05, 2.837
துத்தநாகம்: 65.38, 8.64, 2.939

அணு எடைகளின் வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். முதலில் 3.08 கூடுகிறது, பிறகு 0.24 குறைகிறது, அடுத்து 4.86, அதன்பின் 1.83 கூடுகின்றன. ஒழுங்கே இல்லை. இனிக் கடைசி எண்களின் வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். 0.102, 0.103, 0.102, 0.102! சமமான உயரமுள்ள படிக்கட்டுகள். ஒவ்வொரு தனிமத்திலும் ஏதோ ஒன்று சரியாக ஒரு படி கூடுகிறது. அதுவே அணுக்கருவின் மின்னூட்டம். இன்று நாம் சொல்லும் புரோட்டான்களின் எண்ணிக்கை. அதுவே அணு எண்.

படிக்கட்டு என்றால் விடுபட்ட படியும் தெரிந்துவிடும் அல்லவா? 43, 61, 75 ஆகிய எண்களுக்கு உரிய தனிமங்கள் இல்லை என்று மோஸ்லி 1914-இல் காட்டினார். 75-ஆம் எண்ணுக்குரிய ரீனியம் 1925-இலும், 43-ஆம் எண்ணுக்குரிய டெக்னீசியம் 1937-இலும், 61-ஆம் எண்ணுக்குரிய புரோமேத்தியம் 1945-இலும் கிடைத்தன.

இவற்றுள் ஒன்றையும் பார்க்க மோஸ்லி உயிரோடு இல்லை. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும் அவர் படையில் சேர்ந்தார். 1915 ஆகஸ்டு 10 அன்று துருக்கியின் கலிப்போலியில் குண்டு பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 27.

தப்பு எங்கே?

இப்பொழுது விடை எளிது. ஆர்கானில் 18 புரோட்டான்கள், பொட்டாசியத்தில் 19. ஆகவே ஆர்கான் முன், பொட்டாசியம் பின். எடையோ புரோட்டானை மட்டும் பொறுத்ததன்று, நியூட்ரானையும் சேர்த்தது. காற்றிலுள்ள ஆர்கானில் பெரும்பகுதி 22 நியூட்ரான்கள் கொண்ட ஆர்கான்-40. பொட்டாசியத்தில் பெரும்பகுதி 20 நியூட்ரான்கள் கொண்ட பொட்டாசியம்-39. டெலூரியம், அயோடின் கதையும் இதே போன்றதே.

"அது சரி மாமா, ஆர்கானுக்கு மட்டும் எங்கிருந்து அவ்வளவு நியூட்ரான் வந்தது?" என்று அவள் விடவில்லை.

அதற்கும் விடை உண்டு. அது இன்னும் விந்தையானது. பாறைகளில் உள்ள பொட்டாசியத்தில் மிகச் சிறிதளவு பொட்டாசியம்-40 என்னும் கதிரியக்க வகை. அதில் ஒரு பகுதி சிதைந்து ஆர்கான்-40 ஆகிறது. நம் காற்றிலுள்ள ஆர்கானில் பெரும்பங்கு, கோடிக்கணக்கான ஆண்டுகளாக இவ்வாறு பாறைகளிலிருந்து கசிந்து வந்ததே. விண்மீன்களில் இலேசான ஆர்கான்-36 தான் மிகுதி. ஆகவே ஆர்கானைப் பொட்டாசியத்தைவிடக் கனமாக்கியது வேறு யாருமன்று, பொட்டாசியமேதான்!

அவள் சிறிது நேரம் அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படியென்றால் தப்பு அட்டவணையில் இல்லை, 'எடை வரிசை' என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தியதில்தான்" என்றாள்.

இன்று அட்டவணையில் 118 தனிமங்கள் உள்ளன. கடைசி நான்குக்கு 2016-இல் பெயர் சூட்டப்பட்டதோடு ஏழாம் வரிசை நிறைவு பெற்றது. இவற்றை ஒரே மூச்சில் ஒப்புவிக்கும் மாணவரை நாம் பாராட்டுகிறோம்; பாராட்டலாம். ஆனால் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒருநாள் இருபது அட்டைகளில் தனிமங்களின் எடையையும் குணங்களையும் எழுதி, ஒன்றை மட்டும் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு, மீதியை மாணவர் கையில் கொடுங்கள். அவர்களே அடுக்கட்டும். காலியான இடத்தைத் தொட்டு, "இங்கே ஒன்று குறைகிறது, ஐயா" என்று ஒரு மாணவி சொல்லும் வரை காத்திருங்கள். அதன்பின் அந்த அட்டவணையை அவள் மனப்பாடம் செய்யத் தேவையே இராது.